மணி ஐயர் ஸ்வரம் அவ்வளவு சுலபமா?

தெப்பக்குளம் | 8 ஜூன், காலை 7.12

இன்னைக்குக் கர்நாடக சங்கீதப் பாடகர் மதுரை மணி ஐயர் நினைவு நாள். 1968, ஜூன் 8. காலையில இருந்து வாட்ஸ்அப்ல அவர் பாடின 'காபாலி'யா (பாபநாசம் சிவனோட மோகன ராகப் பாட்டு) வந்து குவியுது. திட்டினாலும் பரவாயில்லை, ஒண்ணு கேட்டே ஆகணும். ஸ்வரம் பாடுறப்ப மனுசன் நாலு நாலா அடுக்கிக்கிட்டே போறார். கோர்வை (கணக்குப் போட்டுக் கட்டுற முடிப்பு) இல்லை, குறைப்பு (படிப்படியா சுருக்கிக்கிட்டே போறது) இல்லை, முக்கால் இடத்துல கொண்டாந்து இறக்கி கைதட்டல் வாங்குற கணக்கு இல்லை. வேகமும் ஒரே வேகம், கொஞ்சம் அவசரம்னுகூடச் சொல்லலாம். மூணு வருசம் கத்துக்கிட்ட பிள்ளை இதைப் பாடிறாதா? ஊர்ப்பாசத்துல நாமதான் தூக்கி வச்சிருக்கமோ?

சாரணி | 8 ஜூன், காலை 9.30

மூன்று வருடம் கற்ற பிள்ளையையே பாடச் சொல்லுங்கள். மோகனம், ஆதி தாளம், பத்து ஆவர்த்தனம் (தாளம் பத்துச் சுற்று). மிருதங்கம் வேண்டாம், தம்புரா போதும். ஆறாவது ஆவர்த்தனத்தில் என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

சாரணி | 8 ஜூன், இரவு 10.05

காலையில் எழுதியது வம்புக்கு எழுதியது மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

இதற்குப் பெயர் சர்வலகு. ஓர் அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) நாலு மாத்திரை, ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், ஆக 32. இந்த நடையைக் குலைக்காமல், எங்கும் 'இதோ வருகிறேன் பார்' என்று கோர்வை கட்டாமல், பேச்சுவாக்கில் வந்து பாட்டின் முதல் வரியான பல்லவியில் சேர வேண்டும். மோகனத்தில் ஓர் ஆவர்த்தனம் பயிற்சிக்காக எழுதுகிறேன். இது நான் கட்டியது, அவர் பாடியது அல்ல.

கா கப | கரிஸரி | கா பத | பகரிஸ |
ரிகபத | தா பக | தபகரி | ஸரிகப ||

நெடில் இரண்டு மாத்திரை. கூட்டிப் பாருங்கள், 32 வரும். இதை ஒரு தடவை பாடுவது சுலபம்தான், தெப்பக்குளம் சொல்வது அதுவரை சரி. கோளாறு மூன்றாவது நான்காவது ஆவர்த்தனத்தில் ஆரம்பிக்கும். முதலில் சரக்கு தீரும். 'கபகரி', 'தபகரி' இரண்டும் மாறி மாறி வந்து விழும், கேட்கிறவருக்கு வண்டி ஒரே பள்ளத்தில் ஏறி இறங்குகிற மாதிரி இருக்கும். அடுத்தது காலம் ஓடும். கணக்கு பாடுகிறவனுக்குப் பிடித்து நிறுத்த ஒரு கட்டு உண்டு, இவனுக்கு இல்லை. ஆவர்த்தனத்துக்கு ஒரு மயிரிழை ஏறினாலும் பத்தாவதில் பாட்டு எடுத்த காலப்பிரமாணத்துக்குப் பல்லவி திரும்பாது, வேகமாக வந்து விழும். மூச்சும் ஒரு தொல்லை. எட்டாவது அட்சரத்தின் முடிவில்தான் மூச்சு வாங்குவது என்று பழகியவனுக்கு ஒவ்வொரு ஆவர்த்தனக் கடைசியிலும் ஓர் ஓட்டை விழும். மூச்சை நெடிலுக்குள் ஒளித்து வாங்க வேண்டும், மேலே முதல் அட்சரத்து 'கா' மாதிரியான இடங்களில்.

கடைசியாகத்தான் சுருதி. வேகத்தில் காந்தாரம் ('க' ஸ்வரம்) இறங்கும். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம், தனியாக எழுதுகிறேன்.

நாலு களை | 9 ஜூன், காலை 6.48

சாரணி சார், 32 என்பது எடுப்பிலிருந்து (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) எடுப்புக்கு. ஸ்வரத்தைச் சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) தொடங்கி, பல்லவி அரை இடத்தில் (அதற்கு அரை அட்சரம் தள்ளி) இருந்தால் 34 வேண்டும். உங்கள் 32-ஐ அப்படியே பாடி முடிக்கிற பிள்ளை இரண்டு மாத்திரை வாயைத் திறந்துகொண்டு நிற்கும். இல்லாவிட்டால் முன்னாடியே பாய்ந்துவிடும். வகுப்பில் அடி விழுவதே இங்கேதான்.

சாரணி | 9 ஜூன், காலை 8.20

வாங்கிக்கொண்டேன். சமத்தில் தொடங்கி அரை இடத்துப் பாட்டு என்றால் கடைசி 'ஸரிகப'வுக்குப் பிறகு ஒரு 'தா' நெடில் போட்டால் 34 ஆகிவிடும். முக்கால் இடம் என்றால் 35, ஒரு குறில் கூட. அந்த இரண்டு மூன்று மாத்திரையை எண்ணிப் போட்டதாகத் தெரியாமல் போடுவதுதான் இந்தப் பாணி.

தெப்பக்குளம் | 9 ஜூன், மாலை 5.40

அண்ணே, அப்ப கணக்கு தெரியாம இல்லை, வேணாம்னு விட்டார்ங்கிறீங்களா? இதைத்தான் எல்லாரும் சொல்றாக. தெரிஞ்சு விட்டாருங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?

சாரணி | 11 ஜூன், இரவு 9.15

நல்ல கேள்வி. இதற்கு அவர் பாடிய உருப்படிகள்தான் பதில் சொல்ல வேண்டும். முத்துசுவாமி தீட்சிதரின் நவக்கிரக கீர்த்தனங்களைக் கச்சேரி மேடையில் பாடிப் பரப்பியவர்களில் மணி ஐயர் முக்கியமானவர். ஞாயிறு முதல் சனி வரையிலான ஏழும் ஏழு சூளாதி தாளங்களில் இருக்கின்றன. சூரியன் சௌராஷ்டிரம், துருவ தாளம், 14 அட்சரம். சந்திரன் அசாவேரி, மட்டியம், 10. அங்காரகன் சுருட்டி, ரூபகம், 6. புதன் நாட்டக்குறிஞ்சி, மிஸ்ர ஜம்பை, 7+1+2 ஆக 10. குரு அடாணா, திஸ்ர திரிபுடை, 7. சுக்கிரன் பரசு, கண்ட அட தாளம், 5+5+2+2 ஆக 14. சனி யதுகுலகாம்போதி, ஏகம், 4.

மட்டியமும் ஜம்பையும் இரண்டும் 10 அட்சரம்தான். ஆனால் மட்டியம் 4+2+4, ஜம்பை 7+1+2. கை தப்பினால் மொத்தம் சரியாக வரும், பாட்டின் உள்சீர் மட்டும் இடறும். பாதிப் பேருக்கு அது தெரியாமலேயே போகும். சூரியனும் சுக்கிரனும் 14தான், ஒன்று 4+2+4+4, மற்றது 5+5+2+2. இவற்றை விளம்ப காலத்தில் நிறுத்திப் பாடுகிறவருக்குத் தாளத்தில் பயம் இருந்தது என்று சொல்ல முடியாது.

பாட்டு வழியையும் பாருங்கள். 1912 அக்டோபர் 25-ல் மதுரையில் பிறந்தவர், இயற்பெயர் சுப்பிரமணியன். பெரிய பாடகரான மதுரை புஷ்பவனம் ஐயர் தகப்பனாரின் உடன்பிறந்தவர். தகப்பனார் ராமசாமி ஐயர் சங்கீத லட்சணத்தில் ஊறியவர், மேளகர்த்தாவைப் (தாய் ராகங்களின் பகுப்பு) பற்றி விவாதிக்கிற ஆள். முதல் குரு ராஜம் பாகவதர், அவர் எட்டயபுரம் ராமச்சந்திர பாகவதரின் சீடர். அங்கிருந்து ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மதுரையில் நடத்திய தியாகராஜ சங்கீத வித்யாலயத்துக்குப் போகிறார். முதல் தொகுதி மாணவர்களில் ஒருவர். முத்தையா பாகவதர் கையில் படித்தவருக்குக் கணக்கு வராது என்று சொல்ல ரொம்பத் தைரியம் வேண்டும்.

நாலு களை | 11 ஜூன், இரவு 10.02

முத்தையா பாகவதர் பேச்சு வந்ததால் ஒரு சில்லறை விஷயம். நிரோஷ்டா ராகம் அவருடையது. ஸ ரி க த நி. 'ம'வும் 'ப'வும் கிடையாது, ஸ்வரம் சொல்லும்போது உதடு ஒட்டவே ஒட்டாது. உதட்டில் புண் உள்ளவன்கூடப் பாடலாம். அந்த விளையாட்டுப் புத்தியில் கொஞ்சம் சீடருக்கும் வந்திருக்கிறது. நோட்டு வேறு எங்கிருந்து வந்ததாம்.

தெப்பக்குளம் | 12 ஜூன், காலை 7.55

இங்கிலீஷ் நோட்டை, அந்தப் பாண்டு மெட்டைச் சொல்றீங்களா? அதைப் பத்தித் தனியா எழுதுங்க. சபையில சீட்டு எழுதிக் குடுத்துக் கேப்பாகளாம். ஆனா என்னோட 'அவசரம்' கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை. காபாலி எங்கிட்ட இருக்கிறதுல ஓட்டமா ஓடுறாரு. குரலும் கீச்சுனு இருக்கு.

ஸ்பூல் | 12 ஜூன், காலை 8.10

பாட்டு ஓடவில்லை. நாடா ஓடுகிறது.

ஸ்பூல் | 14 ஜூன், மதியம் 2.30

நேற்று முன்தினம் ஒரு வரி எழுதியதற்கு மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள். விளக்கம் கீழே.

மணி ஐயரின் பேர் நிற்பது இசைத்தட்டால் அல்ல. 78 வேகத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், சில்லறை. அவர் பாணி அதில் அடங்காது. இன்று நாம் கேட்பதில் பெரும்பகுதி கச்சேரியில் ஸ்பூல் நாடாவில் பிடித்தது, அதிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து கணினி. ஒவ்வொரு கை மாறும்போதும் இயந்திரத்தின் வேகம் கொஞ்சம் பிசகும்.

வேகம் 6 விழுக்காடு ஏறினால் சுருதி அரைக் கட்டை ஏறும். காலமும் அதே அளவு ஏறும். பத்து நிமிடக் கீர்த்தனை 9 நிமிடம் 26 வினாடியில் முடியும். குரல் மெலிந்து கீச்சிடும், கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) நடுங்கும். 'அவசரம்' என்று நீங்கள் சொல்வதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு மோட்டாருடையது என்று பிரிக்க ஒரு வழி உண்டு.

நம்மூர் மின்சாரம் 50 சுழற்சி. பழைய பதிவு எதிலும் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் இருக்கும். பதிவு செய்தபோது மைக் கம்பி வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. அது 50-ல் இருந்தால் நாடா சரியான வேகம். 53-ல் இருந்தால் 6 விழுக்காடு வேகம். பார்க்கிற முறை: ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் பாட்டு இல்லாத இடம், சுருதி கூட்டுகிற இடமோ கைதட்டலுக்குப் பிந்திய அமைதியோ, பத்து வினாடி தேர்ந்தெடுங்கள். அலைவெண் வரைபடத்தைத் திறந்து அளவை 65536 என்று வையுங்கள். இதை மாற்றாமல் பார்த்துவிட்டு 'ஒன்றும் தெரியவில்லை' என்று எழுதாதீர்கள். 2048-ல் வைத்தால் ஒவ்வொரு கட்டமும் 21 சுழற்சிக்கு மேல் அகலம், 50-க்கும் 53-க்கும் வித்தியாசமே தெரியாது. 65536-ல் முக்கால் சுழற்சிக்கும் கீழே பிரித்துக் காட்டும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் மூன்றாம் மடங்கைப் பாருங்கள்: 150 இருக்க வேண்டிய இடத்தில் 159 இருந்தால் அதே 6 விழுக்காடுதான், ஆனால் கண்ணுக்கு மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும்.

இரண்டு கோடு தெரிந்தால் குழம்ப வேண்டாம். 50-ல் அசையாமல் நிற்பது நாடாவைக் கணினிக்கு மாற்றியபோது ஒட்டிய ரீங்காரம். மற்றதுதான் கச்சேரி மண்டபத்தினுடையது.

திருத்தும்போது எல்லோரும் செய்கிற தப்பு இரண்டு. 53-ஐ 50 ஆக்கக் கழித்தல் 6 போடுவார்கள். போட வேண்டியது கழித்தல் 5.66, ஏனென்றால் 53-லிருந்து கழிக்கிறோம். இன்னொன்று, 'வேகம் மாற்று' என்பதை விட்டுச் 'சுருதி மாற்று' என்பதை அழுத்துவது. அதில் குரல் இறங்கும், காலம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். சர்வலகு பாடுகிறவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் வேறில்லை.

கடைசியாக, அந்தக் காலத்து மின்சாரமே 50-ல் நிற்காது, ஒன்று கூடவோ குறையவோ போகும். ஆகையால் ரீங்காரம் காட்டுவது பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும், அவ்வளவுதான். மிச்சத்தைக் காது பார்த்துக்கொள்ள வேண்டும்.

தெப்பக்குளம் | 14 ஜூன், இரவு 11.20

ஸ்பூல் சார், காபாலி கோப்பு 52.8. இறக்கிட்டேன். வேற ஆள் மாதிரி இருக்கு. 'அவசரம்'னு சொன்னதுல பாதியை வாபஸ் வாங்கிக்கிறேன். மீதிப் பாதியைப் பிறகு பாப்போம்.

ஸ்பூல் | 15 ஜூன், காலை 6.30

இன்னொன்று. ஏழங்குல ஸ்பூலில் 1200 அடி நாடா. வினாடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் ஒரு பக்கம் 64 நிமிடம் ஓடும். மூன்று மணி நேரக் கச்சேரியில் இரண்டு தடவையாவது திருப்பவோ மாற்றவோ வேண்டும். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் போனது போனதுதான். ஆகவே 'காம்போதியைச் சுருக்கமாக முடித்துவிட்டார்' என்று விமர்சனம் எழுதுவதற்கு முன்னால் வெட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். வெட்டு விழுந்த இடத்தில் தம்புரா மீட்டு திடீரென்று வேறு தந்தியில் இருக்கும்.

பின்பாட்டுக் குரலையும் கவனிக்க வேண்டும். பல பதிவுகளில் சீடர் வேம்பு ஐயர் கூடப் பாடுகிறார், பிற்காலத்தவற்றில் வேம்பு ஐயரின் மகன் சங்கரநாராயணனும். மைக் யார் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அவர் குரல்தான் ஓங்கும். 'இந்த இடத்தில் மணி ஐயர் குரல் எவ்வளவு கனம்' என்று உருகுகிறவர்கள் சில சமயம் உருகுவது வேறு ஆளுக்கு.

சாரணி | 19 ஜூன், இரவு 9.50

சுருதி பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

மணி ஐயர் பெயரைச் சொன்னதும் ரசிகர் வாயில் வருகிற முதல் வார்த்தை 'சுகம்', இரண்டாவது 'சுருதி'. இரண்டும் ஒன்றுதான். அவர் குரல் கம்பீரமான குரல் அல்ல. மூக்கொலி உண்டு, பிருகா (அதிவேகச் சங்கதி) மின்னல் கிடையாது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு சபையைக் கட்டிப்போட்டார் என்றால் நின்ற இடம் ஒவ்வொன்றும் தம்புராவோடு ஒட்டி நின்றதால்தான்.

தம்புராவில் நாலு தந்தி. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். முதல் தந்தி நடுவிரல், மற்ற மூன்றும் ஆள்காட்டி விரல். சாரணியும் அனுசாரணியும் ஒரே ஷட்ஜம். இரண்டையும் முதலில் சேர்த்து, ஒன்றா இரண்டா என்று தெரியாதபடி ஆன பிறகுதான் பஞ்சமத்தைத் தொட வேண்டும். மந்தரம் பித்தளை, அது கடைசி. முறுக்காணியால் பக்கத்தில் கொண்டுவந்து, மீதியைக் குதிரைக்குப் (தந்தியைத் தாங்கும் கட்டை) பின்னாலிருக்கும் மணியால். பலர் மணியைக் கடைசி வரை தள்ளிவிட்டுப் பிறகு முறுக்காணியைத் திருகுவார்கள். அப்படிச் செய்தால் கச்சேரி நடுவில் நகர்த்த மணிக்கு இடம் இருக்காது. மணியை நடுவில் விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பிறகு ஜீவா. குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் நூல். நூலை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தும்போது ஓரிடத்தில் தந்தி திடீரென்று திறந்துகொண்டு 'ஞொய்ங்' என்று நீளும். தாண்டினால் தட்டையாகிவிடும், மரத்தைத் தட்டுகிற மாதிரி. பழைய நூல் நசுங்கியிருந்தால் எவ்வளவு நகர்த்தினாலும் வராது, மாற்றிவிட வேண்டியதுதான். அந்த நூல் சரியாக விழுந்தால் மந்தரத் தந்திக்குள்ளிருந்து ஒரு காந்தாரம் கேட்கும். யாரும் மீட்டாத காந்தாரம், அதனால் சுயம்பு காந்தாரம் என்பார்கள். அது அந்தர காந்தாரம். மோகனத்தில் வருவதும் அந்தர காந்தாரம்தான். ஆகவே காபாலிக்கு ஸ்வரம் பாடுகிறவன் காந்தாரத்தில் நிற்கும் ஒவ்வொரு முறையும் தம்புராவே பக்கத்தில் உட்கார்ந்து விடை திருத்துகிறது. நாலு நாலாக ஓடும்போது ஒவ்வொரு அட்சரத்திலும் இந்தப் பரீட்சை நடக்கிறது. தெப்பக்குளம் 'சுலபம்' என்றது இதைத்தான்.

நம்மூருக்கு ஒரு எச்சரிக்கை. கத்திரி வெயிலில் திறந்த மண்டபத்தில் தந்தி நீண்டு சுருதி இறங்கும். அங்கே கூட்டிய தம்புராவைக் குளிர்சாதன அரங்குக்குள் தூக்கிப் போனால் தந்தி சுருங்கிச் சுருதி ஏறும். பித்தளையும் எஃகும் ஒரே அளவில் ஏறாது, மந்தரம் தனியாகப் பிசகும். அரங்குக்குள் அரை மணி நேரம் கிடத்திவிட்டுப் பிறகு கூட்டுங்கள். இப்போதெல்லாம் மின்னணுச் சுருதிப் பெட்டியை அழுத்தினால் சுருதி வந்துவிடுகிறது என்பார்கள். வரும். அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் மந்தரத்தின் அடிநாதம் சரியாக வராது, காந்தாரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நாலு களை | 20 ஜூன், காலை 7.05

மிருதங்கப் பக்கத்திலிருந்து. சர்வலகுவுக்கு வாசிப்பது சும்மா இருப்பது மாதிரி தெரியும். சும்மா இருப்பதுதான் பெரிய வித்தை. 'தா தீம் தீம் தா' நடையை விடாமல் பிடித்து, பாடகர் நெடிலில் நிற்கிற இடத்தில் மட்டும் தொப்பியில் (மிருதங்கத்தின் இடது பக்கம்) ஒரு கும்கி (குழைந்த அடி). வேலூர் ராமபத்ரன் மணி ஐயருக்கு வாசித்ததைக் கேளுங்கள், பாட்டு வண்டி என்றால் அது அச்சு.

இளம்பிள்ளைகள் செய்கிற தப்பு, இரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒரு தரம் 'ததிங்கிணதொம்' மூன்று போட்டு முடிப்பது. ஐந்து மூன்று பதினைந்து, ஒரு மாத்திரை விட்டு எடுத்தால் 16, நாலு அட்சரம், டாண் என்று சமம். கணக்கு சரி. ஆனால் பாடகர் முடிக்கவில்லையே. ஓடுகிற வாய்க்காலில் மண்வெட்டி போட்ட மாதிரி. பாடகர் அடுத்த ஆவர்த்தனத்தில் மறுபடி வேகம் பிடிக்க வேண்டும், அங்கேதான் காலம் ஏறுகிறது. காலம் ஓடியதற்குப் பாடகரைக் குறை சொல்லுகிற இடத்தில் பாதி நாள் குற்றவாளி நாங்கள்தான்.

தெப்பக்குளம் | 20 ஜூன், காலை 7.30

ரிக்‌ஷாக்காரர் கதை உண்மையா? மயிலாப்பூர்ல கச்சேரி நடந்தா வெளியில ரிக்‌ஷாக்காரங்க சவாரிய விட்டுட்டுக் கேப்பாங்கன்னு.

சாரணி | 20 ஜூன், மாலை 6.15

எல்லோரும் சொல்கிற கதை. ரிக்‌ஷாக்காரர் எண்ணிக்கை மட்டும் ஆளுக்கு ஆள் கூடிக்கொண்டே போகும். கதையை விடுங்கள், அதற்குள் இருக்கிற காரணத்தைப் பாருங்கள். வாசலில் நிற்கிறவனுக்கு எடுப்பு தெரியாது, பொருத்தம் தெரியாது. நடை தெரியும், சேர்ந்த சுருதி தெரியும், 'எப்போ வருவாரோ' என்ற சொல் தெரியும். கோபாலகிருஷ்ண பாரதியின் அந்தப் பாட்டை ஜோன்புரியில் அவர் பாடியதற்கப்புறம் அது வேறு ராகத்துக்குப் போவது கஷ்டம். பாபநாசம் சிவனின் 'காணக் கண் கோடி' காம்போதியும் அப்படித்தான்.

ஒரு மனத்தாங்கலும் உண்டு. மீனாட்சி ஊரில் பிறந்தவர் பேர் வாங்கியது கபாலியை வைத்து. சியாமா சாஸ்திரி மதுரைக்கு வந்து ஒன்பது கீர்த்தனை பாடிவிட்டுப் போனார், நம்மவர் மயிலைக்குப் போய் அங்கத்து சாமியைப் பாடினார். கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நாலு களை | 23 ஜூன், இரவு 8.40

நோட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். முத்தையா பாகவதர் அமைத்தது, சங்கராபரண ஸ்வரங்கள், பாண்டு வாத்தியச் சாயல். தீட்சிதரும் அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பாண்டு மெட்டுகளுக்குச் சாகித்யம் கட்டியவர்தான், அந்த வழியில் இது. மணி ஐயர் வாயில் ஸ்வரமாகவே வரும்.

பாடிப் பார்க்கிறவர்களுக்கு: கமகத்தைக் கழற்றி வைக்க வேண்டும். சங்கராபரணம் கற்ற தொண்டை மத்யமத்தையும் நிஷாதத்தையும் தானாக அசைக்கும். அசைத்தால் பாண்டு போய் வர்ணம் வந்துவிடும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஆணி அடித்த மாதிரி, ஆனால் அழுத்தாமல். பிடில்காரர் வில்லைச் சிறிதாக வெட்டி வாசிக்க வேண்டும், இழுவையே கூடாது. கமகத்தில் மறைக்க இடம் இல்லாததால் சுருதிப் பிசகு எல்லாம் வெளியே தெரியும். விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக் கச்சேரிக் கடைசித் துக்கடாவில் எடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

சாரணி | 24 ஜூன், அதிகாலை 5.30

முதல் நாள் நான் எழுதிய பயிற்சியைத் திரும்பிப் பார்த்தேன். எட்டு அட்சரத்தையும் நாலு நாலு கட்டமாகக் கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன். அப்படிப் பாடினால் தெப்பக்குளம் சொன்ன 'நாலு நாலா அடுக்குறது'தான் வரும். சர்வலகு அது இல்லை. நடை நாலுதான், சொற்கட்டு நாலாக இருக்க வேண்டியதில்லை.

கபத கபத கப | தபக தபக ரிஸ

மூன்று, மூன்று, இரண்டு. இரண்டு அட்சரத்துக்கு எட்டு. தாளம் ஒன்றிலும் ஐந்திலும் விழும், ஸ்வரம் ஒன்று, நாலு, ஏழில் அழுந்தும். இரண்டும் உரசிக்கொண்டே போய் எட்டின் முடிவில் கைகோத்துக்கொள்ளும். 5+3, 6+2 என்றும் போகலாம். கேட்கிறவர் காதில் விழுவது ஒரே ஓட்டம். உள்ளே இத்தனை வெட்டு. 'கணக்கே கிடையாது' என்று நானும் பேச்சுவாக்கில் ஒத்துக்கொண்டது தப்பு. கணக்கு ஆவர்த்தனக் கடைசியில் குவிந்து நிற்காமல் ஆவர்த்தனம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. கைதட்டல் விழும் இடம் அதில் இல்லை.

தெப்பக்குளம் | 24 ஜூன், காலை 9.00

இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்ல.

சாரணி | 24 ஜூன், காலை 9.04

நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் எனக்கும் இது தோன்றியிருக்காது.

ஸ்பூல் | 30 ஜூன், மாலை 4.15

வாரிசு பற்றி யாரும் எழுதவில்லை. மணி ஐயரின் சகோதரி மகன் டி.வி. சங்கரநாராயணன், 1945-ல் பிறந்தவர், 2022 செப்டம்பரில் போனார். மாமா 1959-ல் வாங்கிய சங்கீத கலாநிதி பட்டத்தை மருமான் 2003-ல் வாங்கினார். இரண்டு பேர் பாடிய ஒரே கீர்த்தனையை அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று புரியும்: சங்கரநாராயணன் மாமாவின் குரலைக் காப்பியடிக்கவில்லை. குரல் பெரிது, பிருகா அதிகம், மேல் ஸ்தாயியில் தாராளமாகத் திரிவார். எடுத்துக்கொண்டது நடையை.

இப்போது 'மணி ஐயர் பாணி' என்று போட்டுக்கொள்கிற சிலர் நேர் எதிர். மூக்கொலியை எடுத்துக்கொண்டார்கள், நடையை விட்டுவிட்டார்கள்.

சாரணி | 3 ஜூலை, இரவு 10.30

ஸ்பூல் சொன்ன கடைசி வரியை வழிமொழிகிறேன். அந்த மூக்கொலி அவருக்கு வாய்த்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை, பெரிதாக்கவும் இல்லை. ஆலாபனையிலும் அப்படித்தான். சின்னச் சின்னப் பிடியாக வைப்பார், ஒவ்வொன்றும் ராகத்தின் உயிர்நிலையில் போய் நிற்கும். பிடில்காரருக்கு இடம் விடுவார். பிடிலில் லால்குடி ஜெயராமன் பதில் வாசிக்கிற ஆவர்த்தனத்தைக் கேளுங்கள், அங்கே போட்டியே இல்லை, ஒருவர் விட்ட நடையை மற்றவர் கையில் வாங்கிக்கொள்கிறார். அடக்கமான மனிதர் என்று அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குணத்தைச் சொல்கிறார்கள். எனக்கு அது ஸ்வரத்திலேயே கேட்கிறது. பக்கவாத்தியத்தை மாட்டிவிடுகிற ஒரு முடிப்புகூட அதில் இல்லை.

தெப்பக்குளம் | 7 ஜூலை, காலை 8.15

முதல் நாள் போட்ட பந்தயத்தை மறக்கலை. மூணு வருசம் கத்துக்கிட்ட பிள்ளை, மோகனம், ஆதி, தம்புரா மட்டும். நிஜத் தம்புராதான். சாரணி அண்ணே ஆறாவதுன்னீங்க. நாலாவது ஆவர்த்தனத்துலயே காந்தாரம் இறங்கிருச்சு. காலமும் ஏறிருச்சு, ஏழாவதுல நிறுத்திட்டோம். பிள்ளைக்குத் தான் இறங்கினதே தெரியலை. தம்புராவுல அந்தச் சுயம்பு காந்தாரமும் எனக்குக் கேக்கவே இல்லை.

சாரணி | 7 ஜூலை, காலை 8.40

பிள்ளையைத் திட்டாதீர்கள். மந்தரத்து நூல் நசுங்கியிருக்கும். புது நூல் போட்டு, காந்தாரம் கேட்கிற வரை நகர்த்திவிட்டு, இந்தத் தடவை பாதி வேகத்தில் அட்சரத்துக்கு இரண்டு ஸ்வரம் மட்டும் பாடச் சொல்லுங்கள். ஆவர்த்தனத்துக்கு 16. கா-வில் நிற்கும்போது தம்புராவை மட்டும் கேட்கட்டும்.

நாலு களை | 7 ஜூலை, காலை 8.52

பாட்டு அரை இடம் என்றால் 17. மறந்துவிடாதீர்கள்.